மீவாட்ன் ஏரியின் மீன் பருவமும் பாத்தியஸ்தர்களின் கட்டுப்பாடும்

பலருக்குப் பொதுவாயுள்ள நீரில் மீன் பிடிக்கும் கிராமங்களில் ஒரு சங்கடம் எப்பொழுதும் உண்டு. இன்று தான் விட்டு வைக்கும் மீனை நாளை அயலான் பிடித்துக்கொள்வான் என்ற ஐயம் ஒவ்வொருவர் மனத்திலும் இருக்குமாயின், விட்டு வைப்பார் எவருமிலர். அனைவரும் முந்திக்கொள்வர், சில வருஷங்களில் வலை மிஞ்சும், மீன் மிஞ்சாது. இதற்குப் பரிகாரம் பருவக் கட்டுப்பாடேயாகும். ஆயினும், பருவம் இன்னதென்று விதி எழுதிவிட்டால் மாத்திரம் போதாது. நீரில் பாத்தியதையுள்ள அனைவரும் ஒருங்கே அதற்குக் கட்டுப்பட வேண்டும். மீனின் உணவும் அது முட்டையிடும் இடமும் கெடாமற் காக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் எவ்வாறு நடைபெறுகின்றன, எங்கே தவறுகின்றன என்பதை அறிவதற்கு ஐஸ்லாந்து தேசத்தின் வடபாகத்திலுள்ள மீவாட்ன் என்னும் சிறிய ஏரியின் வரலாறு தக்க உதாரணமாகும்.

ஏரியின் இயல்பு

மீவாட்ன் ஏரி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 14 சதுர மைல். ஆழமோ மிகவும் குறைவு. சராசரி எட்டு அடி, மிகுதியான இடத்திலும் சுமார் 13 அடியேயாகும். சுமார் 2,300 வருஷங்களுக்கு முன் எரிமலையிலிருந்து பெருகி வந்த நெருப்புக் குழம்பு பள்ளத்தாக்கில் உறைந்தமையால் இவ்வேரி உண்டாயிற்று. கீழ்க்கரையோரம் எரிமலைப் பாறைகளினிடையே ஊற்றுக்கள் சுரக்கின்றன. சில ஊற்றுக்கள் குளிர்ந்தவை, வடபாகத்திலுள்ளவை வெதுவெதுப்பானவை. பாறைகளினூடே வரும் இவ்வூற்று நீர் பயிர்ச் சத்துக்களைக் கரைத்துக் கொண்டுவந்து ஏரியிற் சேர்ப்பதனால், வடதுருவத்தை அடுத்த குளிர் நாடாயினும் இவ்வேரி மிகவும் வளமுள்ளதாயிருக்கிறது.

மீவாட்ன் என்னும் பெயருக்குப் பூச்சி ஏரி என்பது பொருள். கொசுவை ஒத்த, ஆயினும் கடியாத, ஒருவகைச் சிறு பூச்சி கோடைகாலத்தில் கரையெங்கும் புகை எழும்புவதுபோல் திரள்கிறது. இப்பூச்சியின் புழுக்கள் ஏரியின் அடிச்சேற்றில் வாழ்ந்து, அங்கு படியும் நுண்ணிய பாசிகளைத் தின்று வளர்கின்றன. அப்புழுக்களை மீன்களும் வாத்துக்களும் உண்ணுகின்றன. பறந்து கரையில் மடியும் பூச்சிகள் புல்லுக்கு எருவாகின்றன. அப்புல்லை ஆடுகள் மேய்கின்றன. ஆகவே ஏரியின் அடியிலுள்ள சேறே அக்கிராமத்தாரின் மூலதனம் என்று சொல்லலாம். மேலே காணும் மீன், முட்டை, புல் ஆகிய யாவும் அம்மூலதனத்தின் வட்டியேயாகும்.

சார் மீனும் அதன் பருவங்களும்

இவ்வேரியின் முக்கியமான மீனுக்கு ஆங்கிலம் பேசுவோர் சார் என்று பெயரிட்டிருக்கின்றனர். இது சால்மன் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த நீரை விரும்புவது. இலையுதிர் காலத்தில் ஆண் மீனின் வயிறு செந்நிறமடையும். அப்பொழுது மீன்கள் கீழ்க்கரையோரத்துக் குளிர்ந்த ஊற்றுக்களை அடுத்த பரற்கற்களை நாடிச் சென்று முட்டையிடுகின்றன. ஊற்று நீர் உறையாமல் ஓடிக்கொண்டிருப்பதால் முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கற்களின் இடுக்கில் பத்திரமாய்க் கிடந்து வசந்தகாலத்தில் பொரிக்கின்றன.

முட்டையிட வரும் மீன் ஓரிடத்தில் திரளாகச் சேர்ந்து நிற்கும். அத்தருணத்தில் அதைப் பிடிப்பது மிகவும் எளிது. ஆனால் எளிதாய்ப் பிடிக்கப்படும் ஒரு பெண் மீனோடு அடுத்த தலைமுறையும் அழிந்துபோம். ஆகையால் இலையுதிர் காலத்து முட்டையிடும் பருவத்தில் வலை வீசலாகாதென்பது விதி. விதைக்கென்று வைத்த நெல்லை உலையிலிடாத குடியானவனுக்கு இவ்விதியின் நியாயத்தை விளக்க வேண்டுவதில்லை.

ஏரி வருஷத்தில் பாதிக்கு மேற்பட்ட காலம் பனிக்கட்டியால் மூடப்பட்டிருக்கும். முட்டையிடும் பருவம் கழிந்து, பனிக்கட்டி மனிதர் நடமாடத்தக்க கெட்டியானபின், பனியின்கீழ் மீன்பிடித்தல் நடைபெறும். பனிக்கட்டியில் வரிசையாகத் துவாரங்கள் வெட்டுவர். முதல் துவாரத்தின் வழியாக நீண்ட கழியொன்றை உட்செலுத்தி, அதனோடு கட்டிய கயிற்றை அடுத்த துவாரத்திற்குக் கொண்டுபோவர். கயிறு கடைசித் துவாரத்தை எட்டியதும் அதைப்பற்றி இழுக்க, வலை பனியின்கீழ் நேராக விரிந்து நிற்கும். பின்னர் அவ்வப்போது வலையை வெளியே இழுத்து, மீனை எடுத்துக்கொண்டு, மறுபடியும் உள்ளே விடுவர். துவாரத்தருகே அமர்ந்து தூண்டிலால் பிடிப்பதும் உண்டு. கோடையில் பனி உருகியபின் படகிற் சென்று வலையிடுவர்.

பிடித்த சாரை உடனே உண்பதோடு புகையிட்டும் பத்திரப்படுத்துவர். அப்பிரதேசத்தில் விறகு அரிது. ஆகையால் ஆட்டுத் தொழுவத்தில் மிதிபட்டு இறுகிய சாணத்தைத் துண்டு துண்டாக வெட்டி உலர்த்தி, அதையே எரித்து மீனுக்குப் புகையூட்டுகின்றனர். நம் கிராமங்களில் வறட்டி எரிப்பதை ஒத்தது இது. பூமியின் வெப்பம் மேலே வரும் இடங்களில் குழி தோண்டி, கம்பு மாவு போன்ற ரை தானியத்தின் மாவைப் பாத்திரத்திலிட்டுப் புதைத்து ரொட்டி வேகவைப்பர். அந்த ரொட்டியின்மேல் புகையிட்ட சாரை வைத்து உண்பது அவ்வூராரின் வழக்கம். வைக்கோல் குறைந்து ஆடுகள் மடியும் கடுமையான வருஷங்களில் இவ்வேரி மீன் குடும்பங்களைக் காத்தது. ஆதலின் மீன் பருவத்தைக் காப்பதென்பது அவர்களுக்கு வேடிக்கையன்று; வயிற்றுப்பாடேயாகும்.

ஆற்றின் சால்மன்

ஏரியின் நீர் லாக்ஸா என்னும் ஆற்றின் வழியாகச் சுமார் 36 மைல் ஓடி வடகடலில் விழுகிறது. லாக்ஸா என்றால் சால்மன் ஆறு. சால்மன் ஆற்றிற் பிறந்து, சில வருஷங்கள் அங்கேயே வளர்ந்து, பின்னர் கடலுக்குச் சென்று பருத்து, தான் பிறந்த ஆற்றையே நாடித் திரும்பிவந்து முட்டையிடும் இயல்புடையது. லாக்ஸாவின் நடுப்பாகத்திலுள்ள நீர்வீழ்ச்சிகளையும் மலையிடுக்கையும் அது கடந்து ஏற முடிவதில்லை. ஆகையால் ஏரியில் சாரும், கீழாற்றில் சால்மனும், இரண்டிற்கும் இடைப்பட்ட மேலாற்றில் பழுப்பு டிரௌட் என்னும் அதன் உறவு மீனும் வாழ்கின்றன.

சால்மன் விஷயத்தில் சங்கடம் இன்னும் பெரிது. ஆற்று முகத்துவாரத்தில் இருப்பவன் குறுக்கே வலை கட்டிவிட்டால் மேலேயுள்ளவர்களுக்கு ஒரு மீனும் எட்டாது. முட்டையிடும் இடத்திற்கும் ஒன்றும் போய்ச் சேராது. முடிவில் அடைத்தவனுக்கும் கிடைக்காது. இதை முன்னோர் அறிந்திருந்தனர். 1281-ம் வருஷத்தில் ஐஸ்லாந்தில் அமுலுக்கு வந்த யோன்ஸ்போக் என்னும் சட்டநூலே, மீன் ஆற்றில் ஏறிச்செல்வதற்கு வழிவிட வேண்டுமென்று விதித்திருக்கிறது. 1932-ம் வருஷத்துச் சட்டம், சில பழைய உரிமைகள் நீங்கலாக, கடலில் சால்மன் பிடிப்பதையே தடைசெய்தது. அதனால் கடலினின்று திரும்பும் மீன் தன் ஆற்றை வந்தடைகிறது. ஆற்றங்கரையார் அதைப் பேணுவதன் பயன் அவர்களுக்கே சேருகிறது.

தற்காலத்துச் சட்டப்படி சால்மன் பிடிக்கும் காலம் மே மாதம் 20-ந் தேதிக்கும் செப்டம்பர் மாதம் 30-ந் தேதிக்கும் உட்பட்டது. வலையிட அனுமதியுள்ள ஆறுகளிலும், வாரந்தோறும் வெள்ளிக்கிழமை இரவு 10 மணி முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணி வரை, அதாவது 84 மணி நேரம், வலைகளை எடுத்துவிட வேண்டும். அந்நேரத்தில் மீன் தடையின்றி மேலே செல்லும். லாக்ஸாவிலோ சால்மனைத் தூண்டிலாலேயே பிடிக்கின்றனர். ஒரே நேரத்தில் இத்தனை தூண்டில்களே போடலாம் என்று கணக்கு ஏற்படுத்தி, தூண்டில் ஒன்றுக்கு நாள் வீதம் வெளியூராருக்கு விடப்படுகிறது. பிடித்த ஒவ்வொரு மீனும் புத்தகத்தில் பதியப்படுகிறது. பிடித்த சால்மனைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடும் வழக்கமும் சமீப காலத்திற் பரவியிருக்கிறது. மீனை விற்பதினும் மீன்பிடிக்கும் நாளை விற்பது அதிக ஆதாயமெனக் கரையார் கண்டுகொண்டனர்.

உரிமையும் சங்கமும்

அத்தேசத்தில் மீன்பிடிக்கும் உரிமை கரையையடுத்த நிலத்தோடு சேர்ந்தது. நிலத்தை விட்டு உரிமையை மாத்திரம் நிரந்தரமாகப் பிரித்து விற்கலாகாது. ஆனால் மீன் நிலத்தின் எல்லையை அறியாது. ஒரு பண்ணையின் எல்லையில் முட்டையிட்டுப் பிறந்தது மற்றொன்றின் எல்லையில் வளரும், மூன்றாவதில் பிடிபடும். ஆகவே, 1932-ம் வருஷத்துச் சட்டம் ஒரே நீரைச் சேர்ந்த பாத்தியஸ்தர்கள் மீன்பிடி சங்கமாகச் சேர்ந்து நடக்க இடம் தந்தது. பின்னர் வந்த சட்டங்களால் இவ்வாறு சேருவது கட்டாயமாயிற்று. எவனொருவனும் வெளியே நின்றுகொண்டு, பிறர் கட்டுப்பாட்டின் பயனைத் தான் அனுபவிக்க இயலாது.

இச்சங்கங்களின் அமைப்பில் இரண்டு அம்சங்கள் கவனிக்கத்தக்கவை. முடிவு செய்வதில் பண்ணை பெரிதாயினும் சிறிதாயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கு. வருமானத்தைப் பங்கிடுவதிலோ, கரையின் நீளம், மீன் பிடிபடும் இடம், முட்டையிட்டு வளரும் இடம் முதலியவற்றை மதிப்பிட்டு ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு என்று வகுக்கப்பட்டிருக்கிறது. முட்டையிடும் இடத்தை உடையவனுக்கும் பங்குண்டு என்பது விசேஷம். அவன் கரையில் மீன் பிடிக்கப்படாவிட்டாலும் அங்கே மீன் உற்பத்தியாகிறதன்றோ? அவனுக்குப் பங்கில்லையாயின், அவ்விடத்தைப் பேணுவதில் அவனுக்கு என்ன சிரத்தை இருக்கும்?

சங்கமாகச் சேரும் பழக்கம் அப்பிரதேசத்திற்குப் புதிதன்று. ஐஸ்லாந்தின் முதல் ஐக்கிய வர்த்தக சங்கம் 1882-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 20-ந் தேதி இதே லாக்ஸா ஆற்றின் பள்ளத்தாக்கில் த்வெரா என்னும் பண்ணையில் ஸ்தாபிக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்திய யாக்கோப் ஹால்ப்தானார்சன் மீவாட்ன் கரையிலிருந்த குடியானவர். வர்த்தகர்கள் சொன்ன விலைக்கே கொடுத்து, அவர்கள் சொன்ன விலைக்கே வாங்கிவந்த குடியானவர்கள், ஆடுகளை ஒன்றாய்ச் சேர்த்துப் பிரிட்டனுக்கு விற்று, தங்களுக்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாக வரவழைத்தனர். இருபது வருஷங்களுக்குப் பின், 1902-ல், அத்தகைய சங்கங்கள் சேர்ந்து ஒரு சமஷ்டி சங்கம் ஏற்பட்டது. ஆடு விற்பதில் ஒன்றுபட்டவர்களின் சந்ததியார் மீன் காப்பதிலும் ஒன்றுபட்டது வியப்பன்று.

எழுதாத விதி ஒன்று

சட்டங்கள் எல்லாவற்றிற்கும் முற்பட்ட ஒரு வழக்கமும் அவ்வேரிக்கரையில் உண்டு. கோடையில் பலவகைக் காட்டு வாத்துக்கள் அங்கு வந்து முட்டையிடுகின்றன. கரையார் அம்முட்டைகளை எடுத்து உணவாக்கிக்கொள்வர். ஆனால் ஒவ்வொரு கூட்டிலும் நான்கைந்து முட்டைகளை விட்டே எடுப்பர். தாய் வாத்தைக் கொல்லார். பழைய குடியிருப்புகளின் குப்பைமேடுகளை ஆராய்ந்தவர்கள், வாத்து முட்டை ஓடுகளை மிகுதியாகவும் வாத்தின் எலும்புகளைச் சொற்பமாகவும் கண்டனர். ஒன்பதாம் நூற்றாண்டில் மக்கள் அங்கு குடியேறியது முதல் ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக இவ்வழக்கம் நிலைத்து வருகிறதென்பது இதனால் விளங்குகிறது. அதிகாரியின் மேற்பார்வையின்றியே இது நடந்தது. கூடு எங்கே, எத்தனை முட்டை விடப்பட்டது என்பது அண்டை வீட்டார் அனைவருக்கும் தெரியுமாதலால், அளவு கடந்து எடுத்தவன் ஊராரின் முகத்தில் விழிக்க முடியாது.

அணையினால் வந்த வழக்கு

லாக்ஸா ஆற்றின் வீழ்ச்சியினின்று மின்சாரம் எடுக்கும் நிலையம் 1939-ல் ஏற்பட்டது. பின்னர், ஆற்றின் நீரை ஒழுங்குபடுத்தும் பொருட்டு, ஏரியிலிருந்து நீர் வெளியேறும் கிளைகளில் ஒன்றாகிய மித்க்விஸ்ல் என்னுமிடத்தில் ஒரு சிறு அணை கட்டப்பட்டது. அதனால் ஏரிக்கும் ஆற்றுக்கும் இடையே மீன் போக்குவரவு தடைப்பட்டது. இதற்குமேல், மலையிடுக்கில் உயர்ந்த அணை கட்டி லாக்ஸா பள்ளத்தாக்கின் பண்ணைகளை நீரில் ஆழ்த்தக்கூடிய பெருந்திட்டமொன்றும் வகுக்கப்பட்டது. கரையார் நில உடையோர் சங்கமாகத் திரண்டு ஆட்சேபித்தனர். முறையீடுகள் பலிக்கவில்லையென்று கருதி, 1970-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி கிராமத்தார் கூடி, மித்க்விஸ்ல் அணையை வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டனர்.

அச்செயல் சட்ட விரோதமானது. நீதிஸ்தலத்தில் வழக்கும் நடந்தது. ஆனால் தகர்த்தது யாரென்று அதிகாரிகள் தேட நேர்ந்தபோது ஒருவர் இருவரைக் காட்டிக்கொடுத்து மற்றவர் ஒளிந்துகொள்ளவில்லை. 113 பேர் தாங்களே பொறுப்பாளிகள் என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டனர். பின்னர் சமரசம் ஏற்பட்டுப் பெருந்திட்டம் கைவிடப்பட்டது. 1974-ல் மீவாட்ன் ஏரியையும் லாக்ஸா ஆற்றையும் காக்கும் தனிச் சட்டமொன்று நிறைவேறியது. வெடிமருந்தால் தீர்ந்தது ஒரு சிறு அணை மாத்திரமே. பள்ளத்தாக்கைக் காத்தது அதன் பின்னர் வந்த உடன்படிக்கையும் சட்டமுமேயாகும்.

கட்டுப்பாடு இருந்தும் மீன் குறைந்த விதம்

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சார் மீன் மிகவும் குறைந்துபோயிற்று. இவ்வரலாற்றின் மிக முக்கியமான பாகம் இதுவே.

ஏரியின் அடியில் டயாட்டம் என்னும் நுண்ணிய பாசியின் ஓடுகள் நூற்றாண்டுக் கணக்காகப் படிந்து ஒருவகை மண்ணாகியிருக்கின்றன. நீர்மப் பொருள்களை வடிகட்டும் தொழில்களுக்கு அம்மண் உபயோகப்படும். 1967 முதல் 2004 வரை ஒரு தொழிற்சாலை அதை ஏரியின் வடபாகத்திலிருந்து உறிஞ்சி எடுத்து, நிலத்தடி வெப்பத்தால் உலர்த்தி ஏற்றுமதி செய்தது. அதனால் பலருக்கு வேலையும் கூலியும் கிடைத்தன. ஆயினும் தோண்டப்பட்ட இடம் ஆழமாகி, சேறு படிந்து பரவும் முறை மாறிற்று. அதே காலத்தில் பூச்சிப் புழுக்களின் தொகை சில வருஷங்களுக்கு ஒரு முறை பல்லாயிரம் மடங்கு பெருகுவதும், பின்னர் திடீரென வீழ்வதுமாயிருந்தது. புழு வீழ்ந்த வருஷங்களில் சாருக்கு உணவில்லை, குஞ்சுகள் பிழைப்பதில்லை. இவ்வேற்றவிறக்கத்தில் தோண்டுதலின் பங்கு எவ்வளவு, ஏரியின் இயற்கைப் பங்கு எவ்வளவு என்பது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. பூச்சிக்கும் அதன் உணவாகிய பாசிக்கும் உள்ள தொடர்பே இத்தகைய அலைவை உண்டாக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் காட்டினர்.

காரணம் எதுவாயினும், மீன் குறைந்த வருஷங்களிலும் வலைகள் போதிய அளவு குறைக்கப்படவில்லை. பெருகிய காலத்துக்கு ஏற்ற பிடிப்பு, குன்றிய காலத்துக்கு மிகையாயிற்று. பருவக் கட்டுப்பாடு எப்பொழுது பிடிக்கலாம் என்பதை மாத்திரம் சொல்லிற்று. எவ்வளவு பிடிக்கலாம் என்பதைச் சொல்லவில்லை.

ஆகையால் 2011 முதல் சார் பிடிப்பது மிகவும் கடுமையாகக் குறைக்கப்பட்டது. பரம்பரை பரம்பரையாக வலையிட்டுவந்த குடும்பங்கள் தங்கள் வலைகளைச் சுருட்டி வைத்தன. இதன் பயனாக வளர்ந்த மீன்கள் முன்னிலும் அதிகமாகப் பிழைத்திருந்தன. ஆனால் புதிதாகச் சேரும் இளமீன்களின் தொகையோ அதே காலத்திற் குறைந்துவந்தது. ஒன்று கூட, மற்றொன்று குறைய, மீன் திரும்பப் பெருகுவது தாமதப்பட்டது. ஒரு முறை முதலையே கரைத்துவிட்டவன், செலவைச் சுருக்கிய மறுநாளே பழைய நிலையை அடையமாட்டான்.

இன்னொரு அடையாளமும் தோன்றிற்று. இவ்வேரியின் அடியில் பச்சைப் பாசி பந்துபோல் உருண்டு திரளுவதுண்டு. வலையில் அகப்பட்டுத் தொல்லை தருவதால் செம்படவர்கள் அதற்கு உருண்டை அழுக்கு என்று பொருள்படப் பெயரிட்டிருந்தனர். நீர் கலங்கி வெளிச்சம் அடிவரை எட்டாததனால், 2014-ம் வருஷத்தளவில் அப்பந்துகள் ஏறக்குறைய மறைந்துபோயின. முன்பு சபிக்கப்பட்ட அழுக்கே ஏரியின் நலத்திற்குச் சாட்சியாயிருந்ததென்று அப்போது விளங்கிற்று. பிரயாணிகளின் விடுதிகளினின்று வரும் கழிவு ஏரியை அடையாதிருக்கும் பொருட்டு, மலநீரைத் தனியே சேர்த்து ஹோலாசாந்துர் என்னும் மணற்பாங்கான தரிசுக்கு எருவாகக் கொண்டுசெல்லும் ஏற்பாடு பின்னர் தொடங்கப்பட்டது. ஏரிக்குக் கேடாயிருப்பது தரிசுக்கு உரமாகிறது.

சங்கத்தார் கவனிக்க வேண்டியவை

முதலாவது, முட்டையிடும் பருவமும் இடமும் விலக்கப்பட வேண்டும். இது யாவரும் ஒப்புக்கொள்வதே. ஆனால் விலக்கு, பாத்தியதையுள்ள ஒருவரும் தப்பாமல் அனைவரையும் கட்டுப்படுத்த வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர்களின் பொறுமை வீணாகும்.

இரண்டாவது, பங்கு வகுக்கும்போது மீன் பிடிபடும் இடத்தை உடையவரை மாத்திரமின்றி, மீன் பிறந்து வளரும் இடத்தை உடையவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கணக்குப் புத்தகம் தவறாது எழுதப்பட வேண்டும். சென்ற வருஷத்துப் பிடிப்பும் அதற்கு முந்திய வருஷத்துப் பிடிப்பும் எதிரெதிரே எழுதப்பட்டிருந்தால், குறைவு தொடங்கும்போதே கண்ணுக்குத் தெரியும். எழுதாத ஊரில் அது வலை வெறுமையாய் வரும் அன்றுதான் தெரியும்.

நான்காவது, குறைவு தெரிந்த வருஷத்திலேயே பிடிப்பையும் குறைக்கச் சங்கத்தின் பொதுக்கூட்டம் துணிய வேண்டும். மீவாட்ன் கரையார் சட்டத்திற்கும் வழக்கத்திற்கும் கட்டுப்பட்டவர்களேயாயினும், இந்த ஒன்றில் தாமதித்தனர். அத்தாமதத்தின் விலையைச் சுருட்டி வைத்த வலைகளாகச் செலுத்த நேர்ந்தது.

கூட்டில் நான்கைந்து முட்டைகளை விட்டு வைத்த முன்னோர் வாத்துக்களின் தொகையைக் கணக்கிட்டவர்கள் அல்லர். கண்ணெதிரே இருந்த கூட்டைப் பார்த்து அளவறிந்தனர். நீரின்கீழ் உள்ள மீன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கூட்டைப் பார்த்த கண்ணின் வேலையை மீன் விஷயத்தில் கணக்குப் புத்தகம் செய்ய வேண்டும். அண்டை வீட்டாரின் வேலையைச் சங்கம் செய்ய வேண்டும்.